பேர் சொல்ல ஒரு பிள்ளை: காலரா நஞ்சும் சம்புநாத் டேயும்

போன மாசம் மூணு நாள் லீவு சேர்ந்தாப்போல கிடைத்ததில் குயிலாப்பாளையம் போயிருந்தேன். ஆயா ஊர். தெரியாதவர்களுக்கு: விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் வந்து, இடது பக்கம் செம்மண் மேட்டில் ஏறினால் ஊர். ஆரோவில்லுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். ஊர் பேரைக் கவனிக்கிறவர்கள் ரொம்பக் குறைச்சல். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.)

சித்தி பொண்ணும் வந்திருந்தாள். நச்சியலில் ஆராய்ச்சி பண்ணுகிறாள், பி.எச்.டி. நாலாவது வருஷம். வந்ததிலிருந்து முகமே சரியில்லை. முந்திரிக் கொட்டை சுட்டுக் கொடுத்தும் பேசவில்லை. ராத்திரி கரண்ட் போய் எல்லாரும் திண்ணைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். ஒரு இடத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். என்ன ஆராய்ச்சி, எதற்காக என்று ஒரு கேள்வி கிடையாதாம். "எச்-இண்டெக்ஸ் எவ்வளவு? மொத்தம் எத்தனை சைட்டேஷன்?" என்று ரெண்டே கேள்வி. இவளுடைய ஒரே ஒரு கட்டுரைக்கு இதுவரை 2 மேற்கோள். அதில் ஒன்று இவளுடைய கைடே போட்டது. சரி, போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

"நாலு வருஷம் ராத்திரி பகலா லேப்ல கிடந்ததுக்கு மார்க்கு ரெண்டு, அண்ணா" என்றாள்.

எனக்கு வருஷா வருஷம் அப்ரைசல் பழக்கம். ஐந்துக்கு மூணு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுத் தூங்குகிற ஜாதி. அதனால் ஆறுதல் சொல்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் இந்த மேற்கோள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முன்பொரு தடவை தோண்டிப் பார்த்திருக்கிறேன். கூகுள் எப்படிப் பக்கங்களை வரிசைப்படுத்துகிறது என்று படிக்கப் போய், அங்கிருந்து பழைய ஆள் ஒருவரிடம் போய், அவரிடமிருந்து கல்கத்தாவில் ஒரு டாக்டரிடம் போய் நின்றேன். அந்தக் கதையைத்தான் அன்று ராத்திரி அவளுக்குச் சொன்னேன். இங்கே கொஞ்சம் சுத்தம் செய்து எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கைக் கதை

ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர், தான் எந்தெந்தப் பழைய கட்டுரைகளின் தோளில் நிற்கிறார் என்று கடைசியில் பட்டியல் போடுவார். அதில் உங்கள் பேர் வந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் "பேர் சொல்ல ஒரு பிள்ளை வேணும்" என்பார்களே, விஞ்ஞானிக்கு அந்தப் பிள்ளை இந்த மேற்கோள்.

இதை உட்கார்ந்து எண்ணலாம் என்று தோன்றியது யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கருக்கு. யோசனை வக்கீல்களிடமிருந்து வந்தது. எந்தத் தீர்ப்பு பிற்பாடு எந்த வழக்குகளில் எடுத்துக் காட்டப்பட்டது என்று பார்க்க அமெரிக்க வக்கீல்களிடம் 1873இலிருந்தே ஒரு அட்டவணைப் புத்தகம் இருந்தது. அதே மாதிரி விஞ்ஞானத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பிலடெல்பியாவில் நிறுவனம் வைத்து, 1964இலிருந்து 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற தடித் தடி தொகுதிகளாகத் தொடர்ந்து விற்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கம் எவ்வளவு பெரிய இடம் என்று பார்த்து வரிசை போடுகிற கூகுளின் பேஜ்ரேங்க் முறைக்கு இந்த மேற்கோள் கணக்குதான் தாத்தா.

எச்-இண்டெக்ஸ் அதற்கு ரொம்பப் பிந்தியது. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டு வந்தார். குறைந்தது 10 மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் 10 இருந்தால் உங்கள் எண் 10. இருபது மேற்கோளாவது வாங்கியவை 20 இருந்தால் 20. நாலே வரியில் புரோகிராம் எழுதிவிடலாம், நானே எழுதிப் பார்த்தேன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை 10,000 பேர் மேற்கோள் காட்டினாலும் உங்கள் எச்-இண்டெக்ஸ் 1தான். உலகத்தையே திருப்பிப்போட்ட ஒற்றைக் கட்டுரை அந்தக் கணக்கின் கண்ணில் படாது.

அப்படிக் கண்ணில் படாமல் போன ஒருவர்தான் டாக்டர் சம்புநாத் டே.

கோக் சொன்னார், 75 வருஷம் யாரும் காட்டவில்லை

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் வைத்து, காலராவுக்குக் காரணம் கமா வடிவத்தில் இருக்கும் ஒரு பாக்டீரியா என்று உறுதி செய்தார். அந்தக் கிருமி குடலில் ஏதோ ஒரு விஷத்தைக் கக்குகிறது, அந்த விஷம்தான் ஆளைக் கொல்கிறது என்றும் அப்போதே ஊகம் சொன்னார்.

ஊகம் சரி, விஷம் எங்கே? அடுத்த பல பத்தாண்டுகள் எத்தனையோ பேர் தேடினார்கள். கிருமியை விலங்குகளின் ரத்தத்தில் ஏற்றினார்கள், வயிற்றறைக்குள் ஊசி போட்டார்கள். விலங்கு செத்தது. ஆனால் காலராவில் சாகிற மாதிரி சாகவில்லை. காலரா வந்தவனுக்கு நடப்பது வேறு: உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் குடல் வழியாக வெளியே கொட்டும். சில மணி நேரத்தில் கண் உள்ளே போய், தோல் சுருங்கி, நாடி விழுந்துவிடும். அதை எந்த விலங்கிலும் வரவழைக்க முடியவில்லை. கிருமி சாகும்போது அதன் உடம்பிலிருந்து வெளிவருவதுதான் விஷம், தனியாகக் கக்குகிற விஷம் என்று ஒன்று கிடையாது என்ற கருத்து வலுத்துவிட்டது. காலராக்காரனின் குடல் உள்தோலே உரிந்து போகிறது என்று வேறு நம்பினார்கள்.

இங்கேதான் டே வருகிறார். 1915 பிப்ரவரி 1 அன்று வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டனில் ராய் கேமரன் என்ற நோயியல் பேராசிரியரிடம் 1949இல் பி.எச்.டி. முடித்தார். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பிக் கல்கத்தாவுக்கு வந்து, ஆஸ்பத்திரி வேலை, பாடம் எடுக்கிற வேலை இதற்கு நடுவில் காலராவைக் கையில் எடுத்தார். காலராவை ஆராய அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை, அது வாசலிலேயே இருந்தது.

அவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. நோய் குடலுக்குள் நடக்கிறது, அப்புறம் ஏன் ரத்தத்தில் ஊசி போடுகிறோம்? ஒரு முயலுக்கு மயக்கம் கொடுத்து, சிறுகுடலில் கொஞ்ச நீளத்தை ரெண்டு பக்கமும் நூலால் கட்டினார். நடுவில் இருக்கிற மூடிய துண்டுக்குள் காலராக் கிருமியை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே இருந்தது காலராக்காரனின் கழிச்சலில் வருகிற அதே நீர்.

நூல், ஊசி, முயல். பெரிய கருவி எதுவும் இல்லை. டி.என்.சாட்டர்ஜியோடு சேர்ந்து எழுதிய இந்தக் கட்டுரை 1953இல் வந்தது. ஒரு துணைச் செய்தி: இதே மாதிரி குடலைக் கட்டிப் பார்க்கிற சோதனையை 1915இலேயே, டே பிறந்த அதே வருஷம், வியோல், கிரெண்டிரோபூலோ என்ற இருவர் செய்து பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். அதை உலகமே மறந்துவிட்டது. எழுதியது மறக்கப்படுவது டேக்கு மட்டும் நடந்த அநியாயம் கிடையாது என்பதற்காகச் சொன்னேன்.

1956இல் இன்னொரு கட்டுரை. வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் இருந்து எடுத்த ஈ.கோலை கிருமிகளில் சிலதும் முயலின் குடலில் இதே வேலையைச் செய்கின்றன என்று காட்டினார். குழந்தைகளுக்கும், ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கும் வருகிற வயிற்றுப்போக்கில் இந்த வகை ஈ.கோலைக்கு எவ்வளவு பெரிய பங்கு என்று உலகம் புரிந்துகொள்ள இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

இரண்டு பக்கக் கட்டுரை

1959 மே 30. 'நேச்சர்' இதழில் டே தனியாக எழுதிய ஒரு சின்னக் கட்டுரை வந்தது. ரெண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

அவர் செய்தது இதுதான். காலராக் கிருமியைத் திரவத்தில் வளர்த்தார். பிறகு அந்தத் திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாமல் செய்தார். மிச்சமிருக்கும் தெளிவான நீரை மட்டும் முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தினார். குடல் வீங்கியது. கிருமியே இல்லை, ஆனால் காலரா இருக்கிறது! அப்படியென்றால் கிருமி உயிரோடு இருக்கும்போதே எதையோ வெளியே கக்கியிருக்கிறது, அந்த ஏதோ ஒன்றுதான் குடலைத் தண்ணீர் கொட்ட வைக்கிறது. கோக் 1884இல் ஊகித்த விஷம் 75 வருஷம் கழித்து, கோக் கிருமியைக் கண்ட அதே ஊரில் அகப்பட்டது.

(அதே 1959இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே.தத்தாவும் அவர் சகாக்களும் குட்டி முயல்களில் வேறு வழியாகக் காலரா விஷத்தின் வேலையைக் காட்டினார்கள். ஒரே வருஷம், இந்தியாவில் ரெண்டு இடம்.)

இந்தக் கட்டுரை வந்ததும் உலகம் எழுந்து கை தட்டியிருக்க வேண்டும், இல்லையா? தட்டவில்லை. 1961இல் டே காலராவைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். பிரிட்டனில் வெளியானது. அதற்கும் பெரிய சத்தம் இல்லை.

ஏன் என்று நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது மூணு காரணம். ஒன்று, விஷம் இருக்கிறது என்று அவர் காட்டினாரே தவிர அதைத் தனியாகப் பிரித்து ஒரு குப்பியில் போட்டுக் காட்டவில்லை. அதற்கு வேண்டிய கருவிகள் வேறு தரம். அந்த வேலையை அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும் 1969இல்தான் முடித்தார்கள். ரெண்டு, 1960இல் டாக்காவில் அமெரிக்கப் பணத்தோடு பெரிய காலரா ஆய்வுக்கூடம் ஆரம்பித்தது. பேச்சு முழுக்க அந்தக் கூட்டத்துக்குள் நடந்தது. டே அந்தக் கூட்டத்தில் இல்லை, அவர் கல்லூரியில் பிணப் பரிசோதனையும் பாடமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர். மூணாவது ரொம்ப எளிது. மேற்கோள் எண்ணுகிற இயந்திரமே அப்போது இல்லை! கார்ஃபீல்டின் அட்டவணை எடுத்துக்கொண்டது 1961இலிருந்து வந்த இதழ்களை. டேயின் முக்கியமான மூணு கட்டுரைகளும் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டன. யாராவது அவர் பேரைச் சொன்னார்களா இல்லையா என்று பார்க்கக்கூட அப்போது வழியில்லை.

தோண்டி எடுக்கப்பட்டவர்

டே 1973இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். இதற்குள் காலரா நஞ்சு ஒரு பெரிய துறையாகவே ஆகிவிட்டது. அந்த நஞ்சு செல்லுக்குள் போய் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே ஒட்ட வைத்துவிடுகிறது, அணைக்க முடியாமல் செல் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நம் பாஷையில் சொன்னால் வெளியே வர முடியாத லூப். எல்லா ஆராய்ச்சியிலும் கட்டுரை மேல் கட்டுரை. அதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் கல்கத்தாவில் தன் வீட்டில்.

1978இல் ஸ்டாக்ஹோமில் நோபல் அறக்கட்டளை காலராவைப் பற்றி ஒரு கருத்தரங்கம் வைத்தபோது அவரைக் கூப்பிட்டார்கள். அங்கே அவர் பேசியதன் சாரத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் என்னவோ போல் இருந்தது. அறுபதுகளின் ஆரம்பத்திலேயே தான் செத்துப்போய்விட்டதாகவும், கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் தன்னைத் தோண்டி எடுத்திருப்பதாகவும் சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மரபியலில் நோபல் வாங்கிய ஜோஷுவா லெடர்பெர்க், டேயை ஒரு தடவைக்கு மேல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். கிடைக்கவில்லை. அதை விடுங்கள், அது தூரத்து ஊர் விவகாரம். இங்கே நம் நாட்டில் உயிரோடு இருந்தவரை அவருக்குப் பெரிய விருது ஒன்றும் கிடையாது, நம் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக எடுத்துக்கொள்ளவும் இல்லை. 1985 ஏப்ரல் 15 அன்று இறந்துபோனார்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். 1986 ஏப்ரலில் அதே கார்ஃபீல்ட், தன் 'கரண்ட் கண்டெண்ட்ஸ்' இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். காலரா ஆராய்ச்சியின் வரைபடமும் அதில் கல்கத்தா சம்புநாத் டேயின் தாக்கமும் என்பதுதான் பொருள். எந்தக் கட்டுரையும் எந்தக் கட்டுரையும் சேர்ந்தே மேற்கோள் காட்டப்படுகின்றன என்று எண்ணி, அடிக்கடி சேர்ந்து வருகிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு துறையின் வரைபடம் தானாகவே உருவாகும். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் யார் யார் பேர் சேர்ந்து வருகிறது என்று பார்த்தே சொந்தபந்தத்தைச் சொல்லிவிடலாமே, அந்த மாதிரி. அப்படி வரைந்து பின்னோக்கிப் போனால் வேரில் டே நிற்கிறார். எண்ணுவதற்கென்றே பிறந்த மனுஷன் எண்ணிப் பார்த்துவிட்டு "இவர்தான்" என்று சொன்னபோது, இவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

1990இல் பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' டேக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது. அப்போது ஆசிரியர் எஸ்.ராமசேஷன், சி.வி.ராமனின் சகோதரி மகன். பி.பலராம் அதில் எழுதியது ஒரு விஞ்ஞானி எழுதிய மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கும்: நம் கழகங்கள் இவரைக் கவனிக்காமல் விட்டது நம் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்று என்ற பொருளில் எழுதியிருந்தார்.

ரொம்ப நாள் யாரும் சீண்டாமல் கிடந்து பிற்பாடு திடீரென்று மேற்கோள்கள் குவிகிற கட்டுரைகளுக்கு 2004இல் வான் ரான் என்பவர் 'தூங்கும் அழகிகள்' என்று பேர் வைத்தார். டேயின் கட்டுரையும் கொஞ்சம் அந்த ரகம்தான். கதையில் வரும் அழகி நூறு வருஷம் தூங்கினாலும் வயசாகாமல் எழுந்துவிடுவாள். எழுதின ஆளுக்கு வயசாகிவிடுகிறது, அதுதான் பிரச்னை.

ஆயா சொன்னது

இந்த இடத்தில் நான் நிறுத்தினேன். காலராக் கழிச்சல் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும், டாக்டர் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று சித்தி பொண்ணு எடுத்துக் கொடுத்தாள். அதுவரை வெத்தலை இடித்துக்கொண்டிருந்த ஆயா உலக்கையை நிறுத்தினாள்.

"அரிசி கழுவன தண்ணிதான். எங்க அண்ணனுக்கு அப்டித்தான் போச்சு."

எங்களுக்குத் தெரியாது. ஆயாவுக்கு ஒரு அண்ணன் இருந்ததே தெரியாது.

ஆயாவுக்கு அப்போது ஏழெட்டு வயசாம். அண்ணனுக்குப் பன்னிரண்டு. வாந்திபேதி ஊருக்குள் வந்திருந்தது. சாயங்காலம் ஏரிக்கரையிலிருந்து வந்தவன் ராத்திரி படுத்தான். விடிகிறதுக்குள் கண்ணு குழி விழுந்துவிட்டது. மாரியம்மாவுக்கு முடிந்து வைத்தார்கள், வேப்பிலை கட்டினார்கள். உச்சிப் பொழுதில் முடிந்துபோனது.

"தண்ணி தண்ணின்னு கேட்டான் கண்ணு. குடுக்கல. குடிச்சா இன்னும் போவும்னாங்க. நான் சொம்ப எடுத்துனு போனேன், எங்கம்மா புடுங்கி வச்சிட்டாங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கரண்ட் வந்தது. யாரும் உள்ளே போகவில்லை.

பெத்தவள் கொடுமைக்காரி கிடையாது. உள்ளே போவதெல்லாம் வெளியே வருகிறது, அப்போ நிறுத்தினால் நிற்கும் என்பதுதான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தவர்களின் தர்க்கம். படித்த டாக்டர்களிலும் ரொம்பப் பேர் குடல் உரிந்துபோகிறது என்று நம்பியவர்கள்தானே. 1960இல் பாங்காக்கில் கங்கரோசாவும் சகாக்களும் காலரா நோயாளிகளின் குடல் உள்தோலில் துளி எடுத்துப் பார்த்து, அது அப்படியே முழுசாக இருக்கிறது என்று காட்டினார்கள். டே சொன்னதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். குடல் கெட்டுப்போகவில்லை. ஒரு நஞ்சு அதைத் தண்ணீர் கொட்டும்படி திருகிவிட்டிருக்கிறது. உறிஞ்சுகிற வழி ஒன்று இன்னும் திறந்தேதான் இருக்கிறது: சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் குடல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே தண்ணீரும் போகும். சர்க்கரையும் உப்பும் இப்படிக் கைகோத்துப் போகின்றன என்று ராபர்ட் கிரேன் சொன்னதும் 1960இல்தான்.

1968இல் டாக்காவில் நலின், கேஷ் என்ற ரெண்டு இளம் டாக்டர்கள் உப்பு சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகவே கொடுத்துக் காலராவைச் சமாளிக்கலாம் என்று காட்டினார்கள். 1971இல் வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலனாபிஸ் துணிந்து எல்லாருக்கும் இந்தக் கரைசலையே கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

யாராவது "ஓ.ஆர்.எஸ். கண்டுபிடித்தது டேதான்" என்று அனுப்பினால் நம்பாதீர்கள். அப்படி நேர்க்கோட்டில் வரவில்லை, அது பல பேர் சேர்ந்து போட்ட பாதை. ஆனால் காலரா என்றால் என்ன நடக்கிறது என்று இன்றைக்கு நாம் சொல்கிற கதையின் முதல் வரி டேயுடையது. அது கிருமி குடலைத் தின்பது இல்லை, நஞ்சு குடலை ஏமாற்றுவது.

எனக்கு அஞ்சாம் வகுப்பில் பேதி வந்து மயங்கி விழுந்தபோது நர்ஸம்மா ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். இதே ஆயாதான் ராத்திரி முழுக்க ஸ்பூனால் ஊட்டினாள். இப்போது உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி அந்தப் பாக்கெட்டில் 20.5 கிராம்: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. அன்றைக்கு ஆயா ஏன் அவ்வளவு பிடிவாதமாக ஊட்டினாள் என்று இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

காலரா ஒழிந்தும் போகவில்லை. 1992 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் தலைகாட்டிய புது வகைக் காலராவுக்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையில் கண்டதால் 'பெங்கால்' என்றும் பேர். மேல் சட்டையை மாற்றிக்கொண்டு வந்த அதுவும் உள்ளே வைத்திருந்தது டே காட்டிய அதே நஞ்சைத்தான். 2022 ஜூலையில் காரைக்காலில் காலராவுக்காக அவசர நிலை அறிவித்தது நமக்கு நினைவிருக்கும். கூப்பிடு தூரம்.

ஒரு எண்ணிக்கை கூடியது

உள்ளே போகும்போது சித்தி பொண்ணிடம் சும்மா கேட்டேன்: "நீ காலரா நஞ்சு பாத்திருக்கியா?"

"என்னண்ணா, ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. செல்லுக்குள்ள அந்த சுவிட்சை ஆன் பண்றதுக்கு அதைத்தான் போடுவோம். சின்னக் குப்பியில பவுடரா வரும்."

எனக்குத் தெரியாத விஷயம். விசாரித்தால், உலகம் முழுக்க அப்படித்தானாம். செல்லுக்குள் சேதி கடத்தும் ஜி-புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக கில்மனும் ராட்பெல்லும் 1994இல் நோபல் வாங்கினார்களே, அந்தத் துறையிலும் காலரா நஞ்சு முக்கியமான கருவியாக இருந்திருக்கிறது. நஞ்சின் ஒரு பாதியை, தீங்கு செய்யாத பாதியை, ஒரு வாய்வழித் தடுப்பு மருந்தில்கூடச் சேர்க்கிறார்கள்.

"உன் பேப்பர்ல இதைப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன். எங்க வாங்கினோம், என்ன கேட்லாக் நம்பர், எல்லாம்."

"டே பேரு?"

பதில் இல்லை. லேப்டாப்பை எடுத்துப் பார்த்தாள். 40 மேற்கோள் இருந்தது. காலரா நஞ்சுக்கு நேராக 2010க்குப் பிந்தைய ஒரு தொகுப்புக் கட்டுரை. அந்தத் தொகுப்புக் கட்டுரைக்குள் எங்கேயோ டே இருப்பார்.

இது அவள் தப்பு கிடையாது. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு கண்டுபிடிப்பு ரொம்பப் பெரியதாகிவிட்டால் அதைப் பற்றி மேற்கோள் போடுவதையே நிறுத்திவிடுவார்கள், அது பொது அறிவு ஆகிவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொல்லியிருக்கிறார். நியூட்டனை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்? ஆனால் நியூட்டனின் பேராவது எல்லாருக்கும் தெரியும். டேக்கு அந்த வழியும் அடைத்துவிட்டது. முதலில் யாரும் கண்டுகொள்ளாததால் எண்ணிக்கை இல்லை, அப்புறம் எல்லாருக்கும் தெரிந்ததாக ஆகிவிட்டதால் எண்ணிக்கை இல்லை.

எனக்கு இதிலிருந்து புரிந்தது ஒன்றுதான். மேற்கோள் எண்ணிக்கை வேலையின் எடையைக் காட்டுகிற தராசு கிடையாது. யார் யார் பேரைச் சொல்ல மெனக்கெட்டார்கள் என்பதன் பதிவேடு அது. அப்படிப் பார்த்தால் எண்ணிக்கை குறைவாக இருப்பதில் வெட்கப்பட வேண்டியது எழுதினவர் மட்டும்தானா என்ன? நேர்முகத் தேர்வில் இதையெல்லாம் சொன்னால் வேலை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். கார்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையை வைத்து ஆளைக் கழிக்கவும் செய்யலாம், மறந்துபோன ஒருத்தரைத் தேடிப் பிடிக்கவும் செய்யலாம். அவர் டே விஷயத்தில் செய்தது ரெண்டாவது. கருவி ஒன்றுதான், கை வேறு.

போன வாரம் ஒரு மெயில் வந்தது. அவளுடைய ஆய்வேட்டின் மூணாவது அத்தியாயம், திருத்தியது. பார்த்துச் சொல்லு அண்ணா என்று. உயிரியல் எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. நேராகக் கடைசிப் பட்டியலுக்குப் போனேன். டி எழுத்தில், முன்னால் இல்லாத ஒரு வரி: டே, 1959.

ஆயாவிடம் போனில் சொன்னேன். "யாரு அந்த டாக்டரா? நல்லாருக்கட்டும்" என்றாள். அவர் போய் நாப்பது வருஷம் ஆச்சு ஆயா என்றேன். "அதனால இன்னா, பேரு சொல்றீங்கல்ல" என்று வைத்துவிட்டாள்.

பி.கு.: அண்ணன் பேரைக் கேட்டேன். சொன்னாள். ஆயா வீட்டுச் சாமி அறைக் காலண்டரில் அவள் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். இங்கே எழுத வேண்டாம் என்றாள், எழுதவில்லை.